சீம்பாலுக்கு முந்தி

“சீம்பால் குடிச்சதுக்கப்புறம் எடுத்த ரத்தமுங்க மேடம். இதுல ஏதாச்சும் தெரியுமுங்களா?”

கேட்ட திருமலைச்சாமி, ஐம்பதைத் தாண்டிய மாட்டு டாக்டர். பதில் சொல்ல வேண்டிய பூங்கோதை அவரைவிட வெகுவாக இளையவள். ஆனால் கருவிலேயே கன்றுக்குத் தொற்றும் ஒட்டுண்ணிகளைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் பாடம் கேட்டு வருபவர் இவர். கன்று சீம்பால் குடிக்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் முதலில் சொல்லிக் கொடுத்தது.

பூங்கோதை ரத்தக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“யாரு வீட்டுக் கன்னுங்க?”

“எங்கூட்டுதுங்க.”



தாய்ப்பசுவுக்கு அந்த ஒட்டுண்ணி இருப்பது முன்பே தெரிந்ததுதான். இரண்டு சினை கலைந்துவிட்டது. உயிரோடு விழுந்தது இந்தக் கிடாரி ஒன்றுதான். இதற்கும் தொற்றியிருந்தால் மருந்து கிடையாது. நாளைக்கு இது போடும் கன்றுக்கும் போகும். கழித்துவிட வேண்டியதுதான். வீட்டிலோ அதற்குள் கழுத்தில் சலங்கை கட்டியாயிற்று.

“இந்த ரத்தத்துல தொத்து இருக்குதுன்னு வந்தா, அதைச் சொல்றது யாருங்க? கன்னா, தாயா?” என்று கேட்டாள் பூங்கோதை.

“சொல்ல முடியாதுங்க. நாம ரத்தத்துல தேடுறதே எதிர்ப்புச் சத்தைத்தானுங்களே; தாயோடது சீம்பாலோட உள்ள போயிருக்குமே.”

“பாடம் நல்லாத்தான் தெரியுது. அப்புறம் ஏனுங்க முன்னாடியே எடுக்கல?”

“கன்னு துவண்டு கெடந்துச்சுங்க. பசியில கத்துச்சு. மனசு கேக்கல.”

“ரத்தம் எடுக்க எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு நிமிசமுங்க.”

“ஒரு நிமிசத்துல கன்னு செத்துருமுங்களா?”



கன்று விழுந்த அன்று ஊசி அவர் கையில் தயாராகத்தான் இருந்தது. கழுத்து நரம்பும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அப்போது நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், கன்றைத் தூக்கித் தாய்ப்பசுவின் மடியில் சேர்த்துவிட்டார். அது சப்புக்கொட்டிக் குடித்தபோது, அப்பாடா என்று இருந்தது அவருக்குத்தான்.

“பசின்னு சொன்னது பொய்யிங்க” என்றார். “குத்துனா தெரிஞ்சுருமேன்னு பயந்துட்டேன்.”

பூங்கோதை குப்பியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இனி எப்பத்தானுங்க தெரியும்?”

“தாய் குடுத்தது கன்னு ரத்தத்தை விட்டுப் போகோணும். ஆறு மாசம் ஆகும். அப்ப எடுத்துட்டு வாங்க.”

“ஆறு மாசமா!”

அவர் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது துள்ளுறப்பெல்லாம் எனக்குப் பக்குங்குமே. ஆறு மாசம் எப்படிங்க பயந்துட்டே இருக்கறது?”

“நான் ஒரு நிமிசந்தானுங்க பயப்படச் சொன்னேன். ஆறு மாசத்தை நீங்களே கேட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க.”