பட்டறைக் கூரையில் கொண்டைக்குருவி

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதருக்கு விளங்கும். மனிதர் பேசினால் பறவையும் பதில் சொல்லும்.

காட்டில் ஒரு கொண்டைக்குருவி இரண்டு முறை குஞ்சு பொரித்து, இரண்டு முறையும் வால்காக்கைக்குப் பறிகொடுத்தது. வால்காக்கை கூட்டைக் கண்ணால் தேடாது. கிளையில் அசையாமல் உட்கார்ந்து காது கொடுக்கும். பசித்த குஞ்சு எங்காவது கீச்சென்றால் போதும்.

“வாயை மூடினா பட்டினியில சாகுதுங்க, திறந்தா உன் வாயில விழுதுங்க. நான் என்னதான் செய்ய?” என்று அழுதது குருவி.

“அடுத்த தடவை ஊமையாப் பார்த்துப் பொரி” என்றது வால்காக்கை.

மூன்றாம் முறை முட்டையிடும் நாள் நெருங்கியது. இடம் தேடி அலைந்த குருவி காட்டோரம் வந்தது. அங்கே கொல்லன் வேலாசாரி பட்டறை போட்டிருந்தான். சம்மட்டி அடிப்பது அவன் மனைவி பேச்சாயி. நங் நங்கென்று அவள் போடுகிற போட்டில் குருவிக்குத் தன் குரலே கேட்கவில்லை. இதுதான் இடம் என்று ஓலைக் கூரையின் விளிம்பிலேயே கூடு கட்டிவிட்டது.

“மெதுவாப் போடு. மேல குருவி முட்டை வச்சிருக்கு” என்றான் வேலாசாரி.

“மெதுவா வேண்டாம் அக்கா, இன்னும் ஓங்கிப் போடுங்க!” என்றது குருவி.

குஞ்சுகள் பொரிந்தன. ஆசை தீரக் கத்தின, வயிறாரத் தின்றன. வால்காக்கை இரண்டு நாள் வந்து, காது அடைத்து, ஒன்றும் பிடிபடாமல் திரும்பியது.

பிறகு அமாவாசை வந்தது. அன்று வேலாசாரி வீட்டில் உலை மூட்டுவதில்லை, சம்மட்டியைத் தொடுவதில்லை. பட்டறை கப்சிப். மூன்று குஞ்சுகளின் கீச்சும் காட்டுக்குள் வரை கேட்டது. வால்காக்கை நேராகக் கூரையில் வந்து இறங்கியது.

“ஊமை இல்ல போலிருக்கே!”

குருவி பாய்ந்துபோய்ப் பேச்சாயியின் காலடியில் விழுந்தது. “அக்கா, ஒரே ஒரு போடு!”

அவள் சம்மட்டியை எடுத்தாள்.

“ஏய், அமாவாசைடி!” என்று பதறினான் வேலாசாரி.

“உலை மூட்டலையே, வெறும் பட்டறைக்கல்லைத்தானே தட்டப்போறேன். சாமி கேட்டா குருவி கேட்டுச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

நங்! நங்! நங்!

குஞ்சின் மேல் அலகு படப்போன நேரம். வால்காக்கை அரண்டு எழும்ப, வால் ஓலையில் சிக்கியது. ஓர் இறகை விட்டுவிட்டுப் பறந்தே போனது.

வேலாசாரி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அந்த இறகை எடுத்துச் சுகமாகக் காது குடைந்தான்.

அன்று முதல்தான் கொண்டைக்குருவி ஆள் புழங்குகிற இடமாகப் பார்த்துக் கூடு கட்டுகிறது. வால்காக்கையோ, பட்டறை ஓய்ந்து கிடந்தாலும் கிட்டே வருவதில்லை. எந்த நிமிடம் எவள் சம்மட்டியை எடுப்பாளோ என்று, தூரத்து மரத்தில் உட்கார்ந்து இன்னும் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறது.