காலி இடத்தின் எடை

“இந்தப் பாழாய்ப்போன மூலையைக் கணக்கிலேர்ந்து எடுத்துடலாம் மேடம். கேமரா கோளாறுன்னு எழுதியாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

மாசிலாமணி காகிதத்தை நீட்டினார். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்து இயற்பியல் வாத்தியார். ஆறு வருஷமாய் மலைமேல் இருக்கும் இந்த ஆய்வகத்தில் மாணவர். அவருடைய ஆசிரியை ரெஜினா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷமும் போச்சு.

மாசிலாமணி எடை போட்டது எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கேலக்ஸிக் கூட்டத்தை. அதற்கும் பின்னால் இருந்து வரும் ஒளி வழியில் எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார். அதை வைத்து, வளைத்தது எவ்வளவு கனம் என்று கணக்குப் போடுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே ஒளி தாறுமாறாய் வளைந்தது. படத்திலோ அந்த மூலையில் ஒன்றுமே கிடையாது.

“மூணு கேமராவிலயுமா சார் கோளாறு?”

மாசிலாமணி காகிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“சாப்பாட்டுக் கூடத்துக்கு வாங்க” என்றார் ரெஜினா.

மத்தியானம் இரண்டு மணி. எல்லோரும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். மேசைகள் சுவரோரம். நடுவில் வெறும் தரை.

ரெஜினா எதிர்க் கோடிக்குப் போய் நின்று பேனாவைத் திறந்தார்.

“நேரா என்கிட்ட நடந்து வாங்க. வந்ததும் போட்டுடறேன்.”

அடேயப்பா, இவ்வளவுதானா! மனுஷருக்கு வாயெல்லாம் பல். விறுவிறுவென்று நடந்து வந்து காகிதத்தைக் கொடுத்தார்.

“நேராத்தான் வந்தீங்களா?”

“பின்னே?”

“திரும்பிப் பாருங்க.”

காலையிலிருந்து மழை. வெள்ளைத் தரை முழுக்கச் செருப்புச் சேறு. அவருடைய தடம் வாசலில் நேராய்க் கிளம்பி, பாதி வழியில் ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு வந்திருந்தது.

மற்றவர்கள் தடமும் அப்படியே. சிலது இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம். நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை பளிச்சென்று கிடந்தது. ஒரு கால்கூட அதில் படவில்லை.

மாசிலாமணி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“அங்க என்ன மேடம் இருக்கு?”

“தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இருக்கு.”

ரெஜினா பேனாவைக் காகிதத்தில் வைத்தார். மாசிலாமணி வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அப்போ திங்கட்கிழமை?”

“அது கிடக்கட்டும்.”

பளிச்சென்ற அந்தத் தரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“அளக்கிற டேப் இருக்கா மேடம்?”