கோணாத தோட்டா

ரைபிள் கிளப் தலைவர் பூபதிக்குக் குறி தப்பினால் பழி தோட்டாமேல்தான் விழும். அன்றும் முந்நூறு மீட்டரில் பலகையைத் தொடாமல், பின்னாலிருந்த மண்மேட்டில் புழுதி கிளப்பிவிட்டு, தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் தேவானையைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"எல்லாம் கோணல்! நாளைக்குக் கோணலாப் போகவே போகாத தோட்டா ஒண்ணு வேணும். இல்லேன்னா வேலையை விட்டு ஓடிரு."

தேவானை ஒவ்வொரு தோட்டாவையும் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, தள்ளாடுவதைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பாள். அதைச் சொன்னால் இந்த ஆள் கேட்டுக் கிழிக்கப் போகிறாரா? "சரிங்க" என்றாள்.

மறுநாள் கிளப்பே வேடிக்கை பார்க்க, "இது கோணலாப் போகவே போகாதுங்க" என்று ஒன்றை நீட்டினாள். பூபதி குப்புறப் படுத்து, மீசையை ஒதுக்கி, விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனாலும் அவர் கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குலுக்கியதில் குழலின் முனை தரையைப் பார்த்துக் குனிந்தது.

"உள்ளே மருந்தே போடலீங்க. வெடிக்காததுக்கே இந்தப் பயமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "துப்பாக்கி சரியில்லை" என்று முனகினார் பூபதி.

"அப்ப அதைச் செஞ்ச ஜெர்மன்காரனை வேலையை விட்டுத் தூக்குங்க. நான் போய் அடுத்த பெட்டியை நிரப்பணும்."