'இல்லை'க்குத் தடை போட்ட ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னே, மலைக்கும் கடலுக்கும் நடுவே முல்லைக்கோடு என்று ஒரு செழிப்பான நாடு. அதை நிறைமதியன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். பெயரில்தான் நிறைவு, மனசு முழுக்கக் குறை. இலை கொள்ளாமல் பதார்த்தம் பரிமாறினால், "இஞ்சித் துவையல் இல்லையே" என்பான். பட்டத்து யானைகள் அணிவகுத்து நின்றால், "வெள்ளை யானை ஒன்றுகூட இல்லையே" என்பான். மழை கொட்டினால்கூட, "அடுத்த வருஷம் பெய்யாவிட்டால்?" என்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

இந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவர் களஞ்சிய அதிகாரி பூதலிங்கர். இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து, "யாருக்கும் எதையும் கொடுத்துவிடாதீர்கள் மகாராஜா, நாளைக்கு நமக்கே இருக்காது" என்று காதில் ஓதுவார். ராஜா பயப்படப் பயப்படச் சாவிக்கு மதிப்பு. சாவிக்கு மதிப்பு என்றால் பூதலிங்கருக்கு மதிப்பு.

ஒருநாள் ராஜா, அமைச்சர் கூத்தபிரானைக் கூப்பிட்டுப் புலம்பினான். "சாப்பாட்டில் ருசி இல்லை, கண்ணில் தூக்கம் இல்லை, மனசில் நிம்மதி இல்லை. என்ன செய்யலாம்?"

"ஒரே மூச்சில் எத்தனை 'இல்லை' மகாராஜா!" என்று சிரித்தார் கூத்தபிரான். "நாக்குக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பார்ப்போமா? பௌர்ணமி வரைக்கும் அரண்மனையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. வாய்க்கு வந்தால் விழுங்கிவிட்டு, என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும்."

பூதலிங்கருக்கு அமைச்சரைக் கண்டாலே வயிறு எரியும். 'வாயாடி மனிதர், முதலில் இவரேதான் மாட்டுவார்' என்று கணக்குப் போட்டு, "அருமையான யோசனை!" என்று குதித்தார். "தவறிச் சொன்னவருக்குப் பதவி போய்விடும் என்று வையுங்கள் மகாராஜா. அமைச்சருக்கும் சேர்த்துத்தான்!"

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்! நான் சொன்னால் எனக்கு அன்றைக்குப் பட்டினி!"

மறுநாள் காலை இலையில் உட்கார்ந்தான். பொங்கல், வடை, மாங்காய்த் தொக்கு. "இஞ்சித் துவையல் இல்..." என்று வந்ததை லபக்கென்று கடித்துக்கொண்டான். பக்கத்தில் ராணி செண்பகவல்லி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"மாங்காய்த் தொக்கு... இருக்கிறது" என்றான் ராஜா, கஷ்டப்பட்டு. சொன்ன பாவத்துக்கு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். புருவம் உயர்ந்தது. "இதை எப்போதிலிருந்து செய்கிறார்கள்?"

"நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து" என்றாள் ராணி.

பட்டினிக்குப் பயந்து தொடங்கியது, போகப் போகப் பழக்கமாயிற்று. குறை சொல்ல வாய் திறந்தால், இருப்பதைத் தேடிக் கண் அலைய வேண்டியிருந்தது. தேடினால், ஏதாவது அகப்பட்டுக்கொண்டே இருந்தது. எப்போது தூங்கினோம் என்றே தெரியாமல் ராஜா தூங்கினான்.

பூதலிங்கருக்குத்தான் தூக்கம் போயிற்று. அரசவையில் அமைச்சரை மடக்கப் பார்த்தார். "அமைச்சரே, உம் தலையில் முடி இருக்கிறதா?"

கூத்தபிரான் தலையைத் தடவினார். "வழுக்கை இருக்கிறது. எண்ணெய்ச் செலவு மிச்சமாக இருக்கிறது."

அவை சிரித்தது. பூதலிங்கர் விடவே மாட்டேன் என்றார். "அதிருக்கட்டும். பேச்சை மாற்றினால் வானம் பெய்துவிடுமா?"

"வானம் அதன் இஷ்டம்" என்றார் அமைச்சர். "கண் நம் இஷ்டம். இருப்பதைப் பார்த்தால்தானே ஐயா, எடுத்துப் பயன்படுத்த முடியும்?"

பௌர்ணமிக்கு முன்பே மழை இறங்கிவிட்டது. குடியானவர்கள் திரண்டு அவைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் ஒச்சாயி, சேற்றுக் காலோடு. "மகாராஜா, ஏரி நிறைஞ்சிருச்சு. உழுது போட்டாச்சு. விதைநெல் கொடுத்தீங்கன்னா அறுத்ததும் திருப்பி அளந்துடுவோம். இந்த ஈரம் போனா இந்த வருஷம் போச்சு."

வழக்கமான பதில் ராஜாவின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டு, "பூதலிங்கரே, களஞ்சியத்தில் விதைநெல் இருக்கிறதா?" என்று கேட்டான்.

பூதலிங்கர் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். இருக்கிறது என்றால் கதவைத் திறக்க வேண்டும். மற்றதைச் சொன்னால் பதவி போய்விடும். சட்டென்று ஒரு வழி பிடித்தார். "விதைநெல்லுக்குப் பஞ்சம் இருக்கிறது மகாராஜா!"

"அப்படியா?" என்று எழுந்தார் கூத்தபிரான். "பஞ்சம் எந்த அறையில் இருக்கிறது? நாங்களும் ஒரு தடவை பார்க்கிறோம், திறந்து காட்டும்."

ராஜா முன்னே நடக்க, அவையே பின்னால் போயிற்று. கதவு திறந்தது. உத்தரம் வரைக்கும் மூட்டை! ராஜா ஒன்றைப் பிரித்துக் கையை விட்டான். நல்ல திரட்சியான நெல். அடி மூட்டை ஒன்றைத் தொட்டதும் வண்டுகள் புறங்கையில் ஏறின. மனிதருக்குத் தராமல் இத்தனை நாளாக வண்டுக்கா படியளந்தோம் என்று ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாவற்றையும் கொடுங்கள்" என்றான்.

"ஐயோ மகாராஜா!" என்று கதவை மறித்தார் பூதலிங்கர். "வாரிக் கொடுத்தால் நாளைக்கு நமக்கு ஒரு மணிகூட இல்லை!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் 'ஓ' என்றது.

ராஜா கை நீட்டினான். சாவிக்கொத்து கைமாறியது. "பயந்தவன் நான், அதை வைத்துப் பிழைத்தவர் நீர். இனி இந்த வாசலில் நின்று நீரே அளந்து போடும். ஒவ்வொருவரிடமும் 'இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சிரித்தபடி சொல்ல வேண்டும்."

பூதலிங்கர் நெல் அளக்கும் மரக்காலைத் தூக்கினார். ஒச்சாயி முந்தானையை விரித்து, "இன்னும் கொஞ்சம் சிரிங்க சாமி" என்றாள்.

ராஜா மனம் குளிர்ந்து அமைச்சர் பக்கம் திரும்பினான். "கூத்தபிரானே, உமக்கு என்ன குறை இருக்கிறது? கேளும், தருகிறேன்."

நெல்லையும் ஜனங்களையும் பார்த்துக்கொண்டே நின்ற அமைச்சர், மறந்துபோய் மனசாரச் சொன்னார்: "எனக்கு ஒரு குறையும் இல்லை மகாராஜா."

"சொல்லிவிட்டார்! சொல்லிவிட்டார்!" என்று மரக்காலோடு துள்ளினார் பூதலிங்கர். "அமைச்சர் பதவி போச்சு!"

"போச்சுதான்" என்றான் ராஜா. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான். "இன்று முதல் இவர் வெறும் அமைச்சர் அல்ல, தலைமை அமைச்சர். நானும் ஒருநாள் அந்த வார்த்தையை இப்படிச் சொல்லப் பழக வேண்டும். பூதலிங்கரே, நீர் அளப்பதை நிறுத்தாதேயும், வரிசை நீளமாக இருக்கிறது!"