பறிக்காத அவரை

கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்பு செம்மலை என்றொரு கோட்டை இருந்தது. அதை ஆண்ட அரசன் தன் வேலையாட்களுக்கு மதிலுக்கு வெளியே ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தான். நாலு கட்டில் போட்டால் அஞ்சாவதற்கு இடம் இராது. அவ்வளவுதான் அரசனின் தாராளம்!

கோட்டை மணி அடிக்கும் நல்லாண்டிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவன் மனைவியை இழந்தவன். அந்த இடத்துக்குள்ளேயே ஓர் ஆடு, இரண்டு கோழி, மூன்று பாத்தி கீரை. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், ஆட்டுப் புழுக்கை கீரைக்குப் போகும். வாசலில் ஓர் அவரைப் பந்தல். அது மட்டும் மகள் பொற்கிளியின் பொறுப்பு.

ஆனியில் அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மலை தாண்டிப் போனாள். வண்டி ஏறும்போது, "அவரை காய்க்கையில வந்துடுறேன்பா" என்றாள்.

ஆடியில் நல்லாண்டியே விதை ஊன்றினான். பந்தல் கொள்ளாமல் காய்த்தது. மகள் கை படாமல் ஒரு காயும் பறிக்கக் கூடாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டான். மணி அடிக்க மேலே ஏறினால் மலைப் பாதையைப் பார்ப்பான். இறங்கி வந்தால் பந்தலைப் பார்ப்பான். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் அரண்மனைச் சமையல்காரன் வந்து காய் கேட்டான். நல்லாண்டி சொன்னான்: "இது எம் மகளுக்கு."

மார்கழியில் ஒரு துறவி திருவோட்டை நீட்டினார். "இது எம் மகளுக்கு."

தையில் பக்கத்து வீட்டு வேம்பி வந்தாள். வாயும் வயிறுமாக இருந்தாள். எதைத் தின்றாலும் குமட்டியது, அவரை மேல் மட்டும் ஆசை.

"ஒரு பிடி குடு மாமா. பறிக்கப் பறிக்கத்தான் கொடியும் பூ வைக்கும்."

"காய் கேக்க வந்தவ கதையும் சொல்றியா? இது எம் மகளுக்கு."

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனாள்.

வேம்பி சொன்னது கதையல்ல. காயெல்லாம் முற்றி விதை கட்டியதும் கொடி பூப்பதை நிறுத்திவிட்டது. மணி அடிக்கிறவனுக்கு அது எங்கே தெரியும்?

மாசியில் பொற்கிளி வந்தாள். அவளும் வாயும் வயிறுமாகத்தான் வந்தாள். வண்டி நிற்கும் முன்பே குதிக்காத குறையாக இறங்கிப் பந்தலுக்குப் போனாள். காய்ந்த நெற்றுகள் கலகலத்தன.

"உனக்காகத்தாம்மா ஒண்ணுகூடப் பறிக்காம வச்சேன்" என்றான் நல்லாண்டி.

"அங்கயும் பந்தல் பந்தலா காய்ச்சிருந்துச்சுப்பா. நாக்கு கெடந்து தவிச்சுது. மூணு வீட்டுல கேட்டேன். எல்லாரும் அவங்கவங்க மகளுக்கு வச்சிருக்காங்களாம்."

நல்லாண்டி பக்கத்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமியார் விட்டது மூன்று நாள். நாலாம் நாள் பொற்கிளி போய்விட்டாள்.

அடுத்த ஆடியில் அவன் மறுபடி விதை ஊன்றினான். முதல் பிடிக் காயை, இடுப்பில் பிள்ளையோடு நின்ற வேம்பிக்குக் கொடுத்தான். தினமும் பறித்தான், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தான். பங்குனி வரை காய்த்தது. அந்த வருஷம் பொற்கிளி வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிடி கொடுக்கும்போதும் அவன் மலையைப் பார்த்தான். அங்கே யாரோ அவளுக்கும் கொடுத்திருப்பார்கள் என்று நம்பினான்.

ஆகவே மக்களே, நம் பிள்ளை எட்டாத தூரத்தில் இருக்கும்போது, பக்கத்தில் வந்து கேட்கும் பிள்ளைக்குக் கொடுப்பதே நம் பிள்ளைக்குக் கொடுப்பது.