கால்கள் கற்ற பாடம்

'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். ஓடைக்கரைப் புதருக்குள்ளிருந்து வந்தது. துருத்தியை அழுத்தியதுபோல நீளமான, கனமான சீறல். சீறுவது எதுவென்று மட்டும் தெரியவில்லை.

கவுதாரிக் குஞ்சுகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. சருகுக்குள் புகுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாய்க் கிடந்தன.

புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது ஒரு குரங்கு. வாலில் பாதி இல்லாததால் காட்டில் அவனுக்கு மொட்டைவாலன் என்று பெயர். அருவியில் குளிக்க வந்த யாரோ பாறைமேல் வைத்த செல்போன் அவன் கையில் இருந்தது.

"பார்த்தீங்களா டீச்சரம்மா, பாம்பே இல்ல. ஆனா பாம்பு சீறுது" என்றான்.

அவன் டீச்சரம்மா என்றழைத்த மருக்கொழுந்து இன்னும் டீச்சர் ஆகவில்லை. பயிற்சியில் இருக்கும் இளம் கவுதாரி. மேற்பார்வைக்கு வரும் மயில் முன்னால் அவள் பாம்புப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மயில் தலையசைத்தால் வேலை. இல்லையென்றால் அடுத்த மழைக்காலம்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

பாம்புப் பாடத்துக்குக் கவுதாரிகளிடம் ஒரு முறை உண்டு. காலையில் வகுப்புத் தரை முழுக்கச் சருகு பரப்புவார்கள். பாம்பு உரித்துப்போட்ட சட்டையை டீச்சர் அலகில் கவ்வி, புல்லுக்குள் சரசரவென்று இழுத்து வருவாள். குஞ்சுகள் சிதறி ஓடிச் சருகுக்கடியில் பதுங்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

மருக்கொழுந்து இழுத்தால் சட்டை முள்ளில் மாட்டிக் கிழியும். வாயில் சட்டை இருப்பதால் அதட்டவும் முடியாது. "டீச்சர் சாப்பிடுறாங்க, தொந்தரவு பண்ணாதீங்கடா" என்பான் சீனி என்கிற வாயாடிக் குஞ்சு. வகுப்பே சிரிக்கும்.

அதனால் செல்போனைப் பார்த்ததும் அவள் கண் அதிலேயே நின்றது. அலகால் ஒரு கொத்து கொத்தினாள். ஒன்றும் ஆகவில்லை.

"அலகுக்கு அது மசியாது. காலால தொடுங்க" என்றான் மொட்டைவாலன்.

"பாடத்தைக் காலால தொடுறதா?"

"அப்ப கண்ணுல ஒத்திக்கிட்டே உட்காருங்க. நான் கிளம்புறேன்."

மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மருக்கொழுந்து விரல்நுனியை வைத்தாள். கண்ணாடி விரியன் ஒன்று வெளிச்சத்துக்குள் சுருண்டு, செதில் செதிலாக மினுங்கியபடி சீறியது. அப்படி ஒரு பாம்பை அவளே அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

மறுநாளே பாடம் மாறியது. குஞ்சுகள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. நாகம், சாரை, கட்டுவிரியன் என்று பேர் பேராய்க் கற்றன. சருகு சரசரத்து, படத்தின் சத்தம் கேட்கவில்லை. மருக்கொழுந்து தரையைச் சுத்தமாகக் கூட்டிப் பக்கத்து மேட்டில் தள்ளினாள்.

குன்றி என்கிற பொடிக்குஞ்சு மட்டும் ஒத்துவரவில்லை. சீறல் கேட்டாலே தூரத்து வேர்ச்சந்தில் போய் ஒடுங்கிவிடும்.

"வெறும் படம்டா கண்ணு. அது வெளிய வராது" என்று மருக்கொழுந்து வேர்ச்சந்துக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்.

"கடிக்காதா டீச்சர்?"

"கடிக்காது. சத்தம் கேட்டதும் ஓடி வா. முன்வரிசையில உட்கார்ந்தா நல்லாத் தெரியும்."

முதலில் குன்றி நடந்து வந்தது. பிறகு ஓடி வந்தது. கடைசியில் சீனியையே முந்திக்கொண்டு முன்வரிசை பிடித்தது. மருக்கொழுந்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மயில் வந்தது. தோகையை ஒதுக்கி உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தது. மயிலுக்குப் பாம்பு என்றால் இரை. பயம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

"விஷம் எதில்?" என்று கேட்டது.

"பல்லுல ஐயா" என்றன குஞ்சுகள் ஒரே குரலில்.

"ஒரு குஞ்சுகூட ஓடவில்லையே. அருமை. என்ன கவனம்!" என்று தலையசைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை செல்போன் அங்கே இல்லை. வனக்காவலர் குடிசைக் கூரையிலிருந்த சோலார் தகட்டில் சார்ஜ் ஏற்ற மொட்டைவாலன் எடுத்துப் போயிருந்தான். டீச்சராகிவிட்ட மருக்கொழுந்து பக்கத்துப் புற்றில் குஞ்சுகளுக்குக் கறையான் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஈச்சம்புதரிலிருந்து சீறல் கேட்டது.

செல்போன் இங்கே இல்லை என்பது மருக்கொழுந்துக்கு உறைத்தது. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினாள்.

குஞ்சுகள் ஓடத்தான் செய்தன. சீறல் வந்த பக்கம் ஓடின. எல்லாருக்கும் முன்னால் குன்றி ஓடியது. கிட்டே வராதே என்றுதான் அந்தக் கண்ணாடி விரியன் சீறிக்கொண்டிருந்தது. குன்றி அதன் முன்னால் போய்ச் சப்பணமிட்டதுபோல உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தது.

மருக்கொழுந்து பறந்து போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

மற்றக் குஞ்சுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. "டீச்சர், இன்னிக்குப் படத்துல குன்றியும் வர்றா" என்றான் சீனி.

அவள் அவற்றைச் சிறகால் அடித்து அடித்து விரட்டினாள். பதுங்கத் தரையில் ஒரு சருகு இல்லை. விரியனுக்கு ஒன்று போதுமாயிருந்ததால் மற்றவை பிழைத்தன.

குன்றியின் தாய் ஆவாரம் வந்தாள். அழவில்லை.

"எல்லாப் பாம்பு பேரும் என் பிள்ளைக்குத் தெரியும்னு சொன்னியே."

"தெரியும் அக்கா."

"அப்புறம் ஏன் ஓடல?"

"ஓடினா அக்கா. முன்வரிசை பிடிக்க ஓடினா. அப்படி ஓடப் பழக்கினது நான்தான்."

ஆவாரம் வெறும் தரையைக் கால்நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தாள். பிறகு தன் மிச்சக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பொழுது சாய, மொட்டைவாலன் செல்போனோடு வந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் கிட்டே வராமல் நின்றான்.

"கருவி மேல தப்பில்லையே டீச்சரம்மா?"

"இல்ல. அது பாம்பைச் சரியாத்தான் காட்டுச்சு."

"அப்ப திருப்பிக் கொண்டு போகவா?"

"வச்சுட்டுப் போ. பேர் சொல்லிக்கொடுக்க வேணும். ஆனா தூரத்துல வை. அது சீறினா பிள்ளைங்க ஓடி ஒளியணும். ஒளிஞ்ச இடத்துலிருந்து பேர் சொல்லட்டும்."

எந்தக் கருவியை வைத்துப் பாடம் நடத்தினாலும், பிள்ளைகளின் வாய் எதைக் கற்றது என்பதோடு அவர்கள் கால் எதைக் கற்றது என்றும் பார்க்காத ஆசிரியர், பாடத்தின் பேரில் ஆபத்தையே பழக்குகிறார்.

மருக்கொழுந்து மேட்டுக்குப் போய், தான் கூட்டித் தள்ளிய சருகை அலகு அலகாய் எடுத்துவந்து வகுப்புத் தரையில் பரப்பத் தொடங்கினாள்.