தலைப்பாகை முதலில் நுழைந்த கதை

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குக் கோபமும் பூட்டுகளுக்குத் துருவும் சட்டென்று பிடித்த காலத்தில், இருளப்பன் என்றொரு கிழத் திருடன் இருந்தான். எந்த விலங்கையும் கழற்றுவான், எந்தச் சிறைச் சுவரிலும் துளையிடுவான். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டாமல் மறுநாளே காவல் தலைவர் உடையப்பரிடம் அகப்படுவான். கிழவனுக்குக் காலில் வலு இல்லை என்று ஊர் சிரித்தது.

ஒருநாள் அவனைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். குனிந்து நுழையும் சிறு வாசல். கிழவன் தலைப்பாகையைக் கழற்றி முதலில் உள்ளே நீட்டி, அடி விழவில்லை என்று கண்ட பிறகே தலையை விட்டான். பின்னால் வந்த உடையப்பரும் அப்படியே செய்தார்!

பிரதானி வீரப்பிள்ளை துள்ளி எழுந்தார். "அரசே! சுவரில் துளையிட்டுக் கன்னம் வைக்கும் திருடர் குடும்பத்து வழக்கம் இது. இவர் அந்தத் திருடனின் மகன். குலத்தை மறைத்துப் பதவி பெற்றிருக்கிறார்!"

அது உண்மைதான். உடையப்பர் திருட்டு வேண்டாமென்று சிறு வயதிலேயே ஓடிவந்தவர், அநாதை என்று சொல்லிக்கொண்டு வேலையில் சேர்ந்தவர். அப்பாவை நினைத்து ஏங்காத நாளே அவருக்கு இல்லை.

அரசர் சீறினார். "பூட்டும் விலங்கும் சுவரும் இல்லாமல் இந்தக் கிழவனைக் கட்டிவையுங்கள். முடியாவிட்டால் அப்பன், மகன் இருவர் தலையும் உருளும்!"

விகடகவி வெள்ளையம்பலம் எழுந்தார். "அப்படியே ஆகட்டும். விலங்கைக் கழற்றுங்கள். பெரிய வாசலைத் திறந்துவிடுங்கள்."

கிழவன் தள்ளாடி வாசல் வரை போய்விட்டான்.

விகடகவி உடையப்பரிடம் திரும்பினார். "காவலரே, வாய்க்குள் இத்தனை காலம் பூட்டி வைத்ததைச் சொல்லும்."

"அப்பா... போகாதீங்கப்பா."

கிழவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இதக் கேக்கத்தான்டா இந்த ஊருக்கே திருட வந்தேன். தப்பிச்சாத்தானே நீ தேடி வருவே?"

பிரதானி மட்டும் விடவில்லை. "மறைத்த குற்றம்?"

"பிரதானியாரே, திருடர் வழக்கம் இந்தச் சபையில் தங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே!" என்றார் விகடகவி.

அரசர் அரியணை அதிரச் சிரித்தார். பிரதானி வியர்த்தார். அரசரின் முத்துமாலை விகடகவியின் கழுத்தில் விழுந்தது. உடையப்பரின் பதவி நிலைத்தது. கிழவனுக்கு ஆயுள் சிறை, மகன் வீட்டில்.

அன்று மாலை அந்த வீட்டு நிலைப்படியில் நின்று, பழக்க தோஷத்தில் கிழவன் தலைப்பாகையைக் கழற்றினான்.

உடையப்பர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அது தலையிலேயே இருக்கட்டும்ப்பா. இது நம்ம வீடு."